கோவலன் கண்ட மதுரை

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையை இலக்கிய வகுப்புகளில் நாம் எவ்வாறு நடத்துகிறோம்? நகர வருணனை என்று தலைப்பிட்டு, மணிக்கடை, பொற்கடை, அறுவைக்கடை, கூலக்கடை எனப் பட்டியல் எழுதச் செய்து மேலே சென்றுவிடுகிறோம். ஆசிரியர் பயிற்சியில் எனக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. கதையோடு ஒட்டாத அலங்காரம் அது என்பாரும் உளர். எனக்கு அஃது உடன்பாடன்று. கோவலன் கொலையுண்டதன் காரணத்தில் ஒரு பாதி அக்காதையிலேயே கிடக்கிறது.

அன்று காலை அவன் நகருக்குள் செல்வது எதற்காக? அங்குள்ள வணிகரிடம் தன் நிலையைத் தெரிவித்து வருவதாகக் கவுந்தியடிகளிடம் சொல்லித்தான் செல்கிறான். சென்றவன் வீதி வீதியாகச் சுற்றுகிறான். கண்டு மகிழ்ந்து மீள்கிறான். ஒரு வணிகனிடமாவது பேசினான் என்று இளங்கோவடிகள் சொல்லவில்லை. புகாரில் மாசாத்துவான் மகன் என்றால் போதும். மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே நாளங்காடி இருந்தது. இரு பாக்கத்தாரும் ஒருவரையொருவர் காண அங்கே இடமிருந்தது. மதுரையிலோ அவன் வெறும் பார்வையாளன். அங்கு அவனை அறிந்தோராகக் காவியம் காட்டும் கவுந்தி, மாடலன், மாதரி மூவரையும் நாம் காண்பது மதிலுக்கு வெளியே. கொல்ல வந்த காவலரே இவன் முகம் கள்வன் முகமன்று என்று ஐயுறுகின்றனர். ஆயினும் முகக்குறி அன்றி வேறு சான்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. பொற்கொல்லன் சொல்லே வெல்கிறது.

மேரு வட்டாரத்தில் இருந்துகொண்டு இதைப் படிப்பவனுக்கு வேறொன்று நினைவு வராமல் போகாது. தோட்டத்து லயங்களைக் கட்டியவன் தமிழனின் நலம் கருதிக் கட்டவில்லை. மேட்டில் துரை பங்களா, நடுவே பெரட்டுக்களம், அருகில் கள்ளுக்கடை: கங்காணியின் கண்ணுக்கு யாரும் தப்பாதபடி அமைந்த திட்டம் அது. அதைப் பொற்காலம் என்று பாடுவோர் கூட்டத்தில் நான் இல்லை. ஆனால் அதே அமைப்புக்குள் நம் மக்கள் கோயிலையும் ஆயாக்கொட்டகையையும் பள்ளியையும் தமக்குரியவை ஆக்கிக்கொண்டனர். ‘இவன் இன்னார் மகன்’ என்று சொல்ல எந்நேரமும் ஒருவர் இருந்தார். தோட்டத் துண்டாடல் பரவியபோது, 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிச் சில தோட்டங்களை மீட்டார். அதன் கைக்கு எட்டாதவையே மிகுதி. அவற்றிற் பல இன்று தாமான்களாகவும் தொழிற்சாலைகளாகவும் நிற்கின்றன. தோட்டம் போய்விட்டது, அதன் பெயர் மட்டும் பள்ளிப் பலகையில் இருக்கிறது. மக்கள் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குச் சென்றனர். அங்கே மின்தூக்கி உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு. நாளங்காடி மட்டும் இல்லை. பையன் ஒருவன்மேல் பழி விழுந்தால், பக்கத்து வீட்டார்க்கு அவன் பெயரே தெரிவதில்லை.

பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். 1905-இல் எழுந்த ‘நூறு குடியிருப்பு’ வரிசையில் ரயில்வே ஊழியரும் பிற அரசு ஊழியரும் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தனர். அதுவும் வெள்ளையன் தன் வேலைக்காகக் கட்டியதே. இன்று அவ்வீடுகள் இல்லை. 2001-இல் சென்ட்ரல் நிலையம் வந்தது. 2010-இல் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் பிரதமர் நஜிப்பும் ‘லிட்டில் இந்தியா’வைத் திறந்து வைத்தனர். வளைவுகளும் நீரூற்றும் கண்ணுக்கு இனியவைதாம். ஆயினும் அது ஊர்காண் காதைக்கு ஏற்ற வீதி. சுற்றிப் பார்த்து மகிழ்ந்து மீளலாம். குடியிருப்போர் குறையக் குறைய, அங்கே அறிவாரும் அறியப்படுவாரும் குறைகின்றனர்.

1904-இல் கட்டப்பட்ட விவேகானந்தா ஆசிரமம் அதே பகுதியில் நிற்கிறது. 2014-இல் அந்நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வெளிவந்தபோது மக்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். பழங்கட்டிடத்தின் அழகை மட்டும் காக்க அவர்கள் திரண்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.