பாரி மகளிரும் ஸஅதின் புதல்வியரும்: போருக்குப் பின் எஞ்சுவோர்

திருக்கோவிலூரில் தென்பெண்ணையாற்றின் நடுவே ஒரு பாறை நிற்கிறது. கபிலர் குன்று என்பது அதன் பெயர். பறம்பின் தலைவன் பாரி மூவேந்தரால் மாண்டபின், அவனுடைய உயிர்த்தோழராகிய கபிலர் இங்கேதான் தம் வாழ்வை முடித்துக்கொண்டார் என்பது வழிவழிச் செய்தி. தமிழாசிரியர்கள் இப்பாறையை நட்பின் சின்னமாகக் காட்டுகின்றனர். அது தவறன்று. ஆனால் கபிலர் இவ்வூர்ப் பக்கம் வந்தது தோழனை நினைந்து உயிர்விடுவதற்காக மட்டுமன்று. தந்தையை இழந்த பெண்மக்களுக்கு ஓர் இடம் தேடியும் வந்தார். நட்பைப் போற்றிய நமது இலக்கியத் திறனாய்வு, அப்பெண்களைப் பற்றி எத்துணைப் பேசியிருக்கிறது?

புறநானூற்றின் 112ஆம் பாடல் பாரி மகளிர் பாடியதாகத் தொகுக்கப்பட்டுள்ளது. ஐந்தே அடிகள். சென்ற திங்களின் நிலவொளியில் தந்தையும் இருந்தார், குன்றும் தம்மிடம் இருந்தது. இத்திங்களின் நிலவொளியில் இரண்டும் இல்லை. பாடலின் செய்தி இவ்வளவே. பகைவரைச் சபிக்கும் சொல்லோ, பழிவாங்கச் சொல்லும் குரலோ அதில் இல்லை. வென்ற வேந்தரின் முரசு மட்டும் ஒலிக்கிறது. அந்த அடைமொழியைப் புகழ்ச்சி என்று கொள்வதா, இகழ்ச்சி என்று கொள்வதா என்பது படிப்பவரின் பொறுப்பு. நிலவு மாறவில்லை, அதன் கீழிருந்த வாழ்வு மாறிவிட்டது என்பதைச் சொல்ல இதைவிடக் குறைந்த சொற்கள் போதா.

116ஆம் பாடலில் கபிலர் காட்டும் காட்சி இன்னும் கூரியது. முன்பு தம் மலையின்மீது நின்று, போருக்கு வந்த வேந்தரின் குதிரைகளை எண்ணிய அதே பெண்கள், இப்போது வேற்றூரில் ஒரு குப்பை மேட்டின்மேல் ஏறி, உப்பு வணிகரின் வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கின்றனர். எண்ணும் பழக்கம் மாறவில்லை. எண்ணப்படும் பொருளும் நிற்கும் இடமும் மாறிவிட்டன. போரின் நீடித்த விளைவு என்று நூல்கள் பல பக்கங்களில் விளக்குவதை, குப்பை மேட்டில் நிற்கும் இரு பெண்களைக் காட்டி அந்தப் புலவர் முடித்துவிடுகிறார்.

இனி, அப்பெண்களுக்கு என்ன நேர்ந்தது? இங்கேதான் நம் சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. கபிலர் அவர்களை விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று மணந்துகொள்ள வேண்டினார், இருவரும் ஏற்கவில்லை. பார்ப்பாரிடம் அவர்களை ஒப்படைத்ததாகப் புறநானூற்றுக் கொளுக்கள் கூறுகின்றன. பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையனுக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று, திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது. பிற்காலத் தனிப்பாடல் மரபோ, ஒளவையார் முன்னின்று அவர்களை இவ்வூரின் தெய்வீக மன்னனுக்கு மணமுடித்தார் என்கிறது. அங்கவை, சங்கவை என்னும் பெயர்களும் அப்பிற்கால மரபு தந்தவையே. புறநானூற்றில் அவர்களுக்குப் பெயரில்லை. பாரியின் மகளிர் என்பதே அடையாளம். பாரியின் முல்லைக்கொடியும் தேரும் ஐயத்திற்கிடமின்றி நினைவில் நிற்க, அவன் மகளிரின் பெயரும் முடிவும் ஐயத்திற்குரியவையாகிவிட்டன. இம்முரண்பாட்டை வெறும் பாடபேதமாக ஒதுக்கிவிடலாகாது. தோற்றவரின் பெண்மக்கள் வரலாற்றில் இப்படித்தான் பதிவாகின்றனர்.

திருக்கோவலூரின் கதை இத்துடன் முடியவில்லை. இவ்வூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, கொல்லிமலைத் தலைவன் ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரனுக்கு அளித்தவன். இவ்வூரும் அதியமான் நெடுமான் அஞ்சியின் தாக்குதலுக்கு ஆளானது. பின்னொரு காலத்தில் மலையமானின் சிறுவர்களைச் சோழன் கிள்ளிவளவன் யானைக்காலில் இடச் செய்தான். கோவூர் கிழார் குறுக்கிட்டுப் பாடிய 46ஆம் பாடலில் அச்சிறுவர்கள் யானையைக் கண்டு அழுகையை மறந்தவர்களாய், கூடியிருந்த மன்றத்தைக் கண்டு மருண்டவர்களாய் நிற்கின்றனர். கொல்ல வந்த யானை அவர்களுக்கு வேடிக்கை. பார்க்க வந்த மனிதர்களே அச்சம். ஒரு தலைமுறையில் வென்றவன், மறு தலைமுறையில் தன் பிள்ளைகளைப் பலிக்களத்தில் விட்டுச் செல்கிறான். போரில் வெற்றி பெற்ற குடி என்று நிலையாக ஒன்று இல்லை என்பதற்கு இவ்வோர் ஊரே போதிய சான்று.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரு நிகழ்ச்சிகளிலும் எளியோருக்குத் துணை நின்றது ஒரு புலவரின் கருணை மட்டுமே. கபிலர் இல்லையேல் பாரி மகளிர்க்குத் துணையில்லை. கோவூர் கிழார் அன்று வந்திராவிடில் அச்சிறுவர்க்கு உயிரில்லை. கருணை உயர்ந்ததுதான், எனினும் அது தற்செயலானது. அது உரிமையாக மாறவில்லை.

இவ்விடத்தில் மதீனாவின் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 3இல் உஹதுப் போரில் எழுபது தோழர்கள் ஷஹீதாயினர். அவர்களுள் ஒருவர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி). மக்காவிலிருந்து வெறுங்கையுடன் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்த அன்ஸாரித் தோழர் அவர். அவருடைய மனைவி இரண்டு புதல்வியரையும் அழைத்துக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தார். இப்பெண்களின் தந்தை உஹதில் உயிர்நீத்தார். சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். பொருளின்றி இவர்களுக்கு மணமும் நடவாது என முறையிட்டார். அல்லாஹ் இதில் தீர்ப்பளிப்பான் என்றனர் நாயகம் (ஸல்). வாரிசுரிமை பற்றிய இறைவசனம் அருளப்பெற்றது. சிறிய தந்தை அழைக்கப்பட்டார். புதல்வியர் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கு, தாய்க்கு எட்டில் ஒரு பங்கு, எஞ்சியது உமக்கு என்று தீர்ப்பாயிற்று. ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தியை அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளனர்.

பறம்பிலும் தந்தையை இழந்த பெண்கள், மதீனாவிலும் தந்தையை இழந்த பெண்கள். அங்கும் மணம் தடைப்பட்டது. இங்கும் அதே அச்சம். அங்கே துயரம் பாடலாயிற்று. இங்கே முறையீடு சட்டமாயிற்று. ஆயினும் இதை ஒரு வெற்றிப் பெருமிதமாக எழுதுவது என் நோக்கமன்று. சட்டம் வருமுன் ஒரு விதவை எழுந்து வந்து பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சும் 112ஆம் பாடலும் ஒரே இனத்தவை. சாட்சியம் இன்றித் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இன்றிச் சாட்சியம் புலம்பலாகவே நின்றுவிடும்.

இவ்வளவுகோலை நமது இலக்கியத்தின்மீதும் வைத்துப் பார்ப்பதே நேர்மை. இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்குப் படைப்போர் என்னும் தனி வகையே உண்டு. சக்கூன் படைப்போர் முதலாக ஐந்து படைப்போர் வரை அவ்வகையில் நூல்கள் பல. வீரத்தையும் வெற்றியையும் விரித்துரைப்பதே அவ்வகையின் மரபு. களத்தில் படைகள் மோதும் காட்சிக்குச் செலவிட்ட சொல்வளத்தில் ஒரு சிறு பங்கையேனும், களம் அடங்கியபின் விடியும் வீடுகளுக்கு அம்மரபு ஒதுக்கியிருக்கலாம். உஹதின் பாடமாக இறைமறை நமக்குத் தந்தது வீரம் மட்டுமன்று; அநாதைகளின் சொத்தும் விதவையின் பங்கும்கூட.

இது பழங்கதையாக இருந்தால் இவ்வளவு வலியுறுத்த வேண்டியதில்லை. 1990 அக்டோபரில் இலங்கையின் வடமாகாணத்திலிருந்து சுமார் எழுபத்தைந்தாயிரம் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். தமிழையே தாய்மொழியாகக் கொண்ட அம்மக்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக்குடிசைகளில் குடியேறினர். 2002இல் கிளிநொச்சிச் செய்தியாளர் சந்திப்பில் புலிகள் தரப்பு வருத்தம் தெரிவித்தது. 2009 மே மாதம் போர் முடிந்தது. முள்ளிவாய்க்காலில் தமிழ் மக்கள் அடைந்த பேரழிவும் அதே முடிவின் பகுதி. ஒரு சமூகத்தின்மீதுள்ள மனக்கசப்பு நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்பது இறைமறையின் கட்டளையாதலால், ஒரு துயரத்தைச் சொல்லி மறு துயரத்தை மறைப்பது நமக்கு ஆகாது. ஆயினும், வெளியேற்றம் நிகழ்ந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தன. புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத் தாய்தந்தையரின் ஊர் ஒரு சொல்லாகவே தெரியும். திரும்பிச் சென்றோர் காடு மண்டிய காணிகளையும், உரிமை கேட்டு அலையும் அலுவலகங்களையும் கண்டனர். சாட்சியங்கள் கதையாகவும் கவிதையாகவும் எழுதப்பட்டுவிட்டன. தீர்ப்பு மட்டும் வரவில்லை.

கபிலர் குன்றைப் பார்க்கச் செல்வோர் இனியும் நட்பை நினைக்கட்டும். அத்துடன், பெயர் பதியப்படாத அப்பெண்களையும் நினைக்கட்டும். ஒரு நாடு போரிலிருந்து மீண்டதா என்பதைக் கட்டிய பாலங்களைக் கொண்டு அளப்பர். ஸஅதின் புதல்வியருக்குக் கிடைத்த பங்கு, தந்தையை இழந்த கடைசிப் பெண்பிள்ளைக்கும் சென்று சேர்ந்ததா என்பதே நமது அளவுகோலாக இருக்க வேண்டும்.