டிராபிகல் ஸ்டவுட்: வரையறையும் மதிப்பீடும்

டிராபிகல் ஸ்டவுட் என்பது வெப்பமண்டல நாடுகளில் தயாரிக்கப்படும் இனிப்பும் வலிமையும் கொண்ட கரும்பீருக்குப் போட்டி நடுவர்கள் வைத்த பெயர். இலங்கையின் லயன் ஸ்டவுட், ஜமைக்காவின் டிராகன் ஸ்டவுட், சிங்கப்பூரின் ஏ.பி.சி. ஸ்டவுட் ஆகியவை இதன் முன்மாதிரிகளாகச் சொல்லப்படுகின்றன. தயாரித்த ஊர்களில் அது வெறும் ஸ்டவுட்தான். அமெரிக்காவைச் சேர்ந்த பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் (பி.ஜே.சி.பி.) 2015-ல் வெளியிட்ட வகைமைக் கையேட்டில் இது தனி வகையாக இடம்பெற்றது. அதன் முன்மாதிரிகளில் தமிழ்நாட்டுக்கு மிக அருகில் பிறந்தது நுவரெலியாவின் லயன் ஸ்டவுட்.

பின்னணி

அமெரிக்காவில் வீட்டில் பீர் தயாரிப்பதை அனுமதிக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978-ல் கையெழுத்திட்டார். வீட்டுத் தயாரிப்பாளர்களுக்கான போட்டிகள் பெருகின. அவற்றுக்கு நடுவர்களைப் பயிற்றுவிக்க 1985-ல் பி.ஜே.சி.பி. தொடங்கப்பட்டது. பீரை வகைமைகளாகப் பிரித்துப் பேசும் வழக்கத்தைப் பரவலாக்கியவர் ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் அல்ல). அவருடைய உலக பீர் வழிகாட்டி நூல் 1977-ல் வந்தது. லயன் ஸ்டவுட்டை மேற்குலக வாசகர்களிடம் கொண்டுசேர்த்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மலைநகரில் தயாரான பீர் அவ்வாறே போட்டிக் கையேட்டுக்குள் நுழைந்தது. இன்று அதன் ஆலை கொழும்புக்கு அருகே பியகமவில் உள்ளது.

போட்டியில் பீரின் பெயர் மறைக்கப்பட்டு நடுவர் முன் வைக்கப்படும். மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. பீர் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. எந்த வகையில் அனுப்பப்பட்டதோ அந்த வகையின் இலக்கணத்துக்குப் பொருந்தவும் வேண்டும்.

வரையறையின் சிக்கல்

2015-க்கு முன் இனிப்பான வெப்பமண்டல ஸ்டவுட்டும் கசப்பான ஏற்றுமதி ஸ்டவுட்டும் ஃபாரின் எக்ஸ்ட்ரா ஸ்டவுட் என்ற ஒரே தலைப்பின்கீழ் இருந்தன. கின்னஸ் நிறுவனம் 1801-ல் தயாரித்த வெஸ்ட் இந்தியா போர்ட்டர் பின்னதன் மூதாதை. ஒன்றில் வெல்லப்பாகும் உலர்ந்த பழமும் போன்ற இனிப்பு, மற்றதில் தீய்ந்த வறுவலும் காய்ந்த கசப்பும். ஒரே மேசையில் இரண்டையும் வைத்தால் நடுவர் பழகிய நாக்குக்கு ஏற்றது ஜெயிக்கும். இதைப் பிரித்தது கையேட்டின் நல்ல முடிவுகளுள் ஒன்று. எண்களில் வேறுபாடு குறைவு. இரண்டுக்கும் தொடக்க அடர்த்தி 1.056 முதல் 1.075 வரை, நிற அளவு 30 முதல் 40 வரை. கசப்பளவு மட்டும் டிராபிகலுக்கு 30–50, மற்றதற்கு 50–70. அதாவது பிரிப்பை நியாயப்படுத்துவது நாக்குதான், அட்டவணை அல்ல.

அட்டவணை தடுமாறும் இடம் ஆல்கஹால் அளவு. டிராபிகல் ஸ்டவுட்டின் உச்சவரம்பு 8.0 சதவிகிதம். லயன் ஸ்டவுட் புட்டியில் அச்சிடப்பட்டிருப்பது 8.8. எந்த பீரைக் காட்டி இலக்கணம் எழுதப்பட்டதோ அந்த பீரே இலக்கணத்துக்கு வெளியே நிற்கிறது. இலக்கியத்திலிருந்தே இலக்கணம் எடுக்கப்படவேண்டும் என்பதைப் பள்ளியிலேயே படித்த தமிழ் வாசகருக்கு இது விசித்திரமாகப் படும். எண்கள் வழிகாட்டுதலே, சட்டமல்ல என்று கையேட்டின் முன்னுரை சொல்கிறது, உண்மைதான். ஆனால் நடுவர் மேசையில் முன்னுரை நினைவுக்கு வருவதில்லை. லயன் ஸ்டவுட்டை அச்சாக நகலெடுத்து அனுப்பும் ஒருவர் 'ஆல்கஹாலின் சூடு தூக்கலாக உள்ளது' என்ற குறிப்புடன் மதிப்பெண் இழக்க வாய்ப்புண்டு.

வகைமை நிலையானது என்ற எண்ணமும் தவறு. 2008 பதிப்பில் ரோபஸ்ட் போர்ட்டர் என்றொரு வகை இருந்தது. பலர் அதற்குப் பரிசு பெற்றனர். 2015-ல் அந்தப் பெயரே காணாமல் போயிற்று. போர்ட்டர், ஸ்டவுட் என்ற பிரிவுகூட அடிப்படையில் வலிமை பற்றியது. லண்டனில் வலிமையான போர்ட்டரே ஸ்டவுட் போர்ட்டர் எனப்பட்டது. முளைகட்டிய பார்லியைக் கருக வறுக்கும் முறைக்கு டேனியல் வீலர் 1817-ல் காப்புரிமை பெற்றபின் இரண்டின் நிறமும் இன்னும் கருத்தது. வறுத்த பார்லி இருந்தால் ஸ்டவுட், இல்லையெனில் போர்ட்டர் என்பது பிற்காலத்தவர் வசதிக்காகப் போட்ட கோடு.

கடலூர், சிதம்பரத்திலிருந்து

கடலூர் மாவட்டத்தில் இத்தகைய போட்டி நடக்கமுடியாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக்கிடம் மட்டுமே உள்ளது. கடையின் கம்பித்தடுப்புக்கு முன் பீர் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் இரண்டுதான்: ஸ்ட்ராங்கா, கூலிங் இருக்கிறதா. வடக்கே ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் போலீசார் தேடுவதும் 'பாண்டி சரக்கு' வருகிறதா என்பதைத்தான். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்த கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். தானியத்தை நொதிக்கவைக்கும் பீரில் அந்த அபாயம் இல்லை, விஷம் வெளியிலிருந்து கலக்கப்பட்டது. ஆயினும் வீட்டில் மது தயாரிப்பது என்ற சொல்லே இங்கு அச்சமூட்டுவதில் வியப்பில்லை.

போட்டி இல்லாவிட்டாலும் சுவையை வகுத்துச் சொல்லும் நாக்கு இப்பகுதியில் உண்டு. சிதம்பரம் கொத்சு நல்ல உதாரணம். கத்திரிக்காயும் புளியும் வறுத்தரைத்த மிளகாய், தனியாவும் சேர்ந்த அதை நடராஜர் கோயில் சம்பா சாதத்துடன் சேர்த்தே உண்பார்கள். சாம்பார்போல நீர்த்தால் அது கொத்சு அல்ல என்று எந்தக் கையேடும் இல்லாமல் ஊரார் சொல்லிவிடுவார்கள். தனியே ஒரு கிண்ணத்தில் வைத்து மதிப்பெண் போட்டால் புளிப்பும் காரமும் மிகையென்று தோன்றும், மிளகு மணக்கும் சாதத்துடன் சேர்ந்தால்தான் அளவு புரியும். பி.ஜே.சி.பி. முறையின் பெரிய குறை இங்கே தெரிகிறது. பெயர் மறைக்கும்போது பாரபட்சம் போகிறது, கூடவே உணவும் வெயிலும் ஊரும் போய்விடுகின்றன. டிராபிகல் என்று வெப்பத்தைப் பெயரில் வைத்துக்கொண்டு, குளிரூட்டிய அறையில் சிறு கோப்பையில் அளக்கிறார்கள்.

சொற்களும் கவனிக்கத்தக்கவை. கையேடு இவ்வகையின் சுவையை மொலாசஸ், லிக்கரிஷ், ரம், கருகிய சர்க்கரை என்று விவரிக்கிறது. லிக்கரிஷ் என்றால் அதிமதுரம், இங்கே தொண்டைக்கட்டுக்கு மெல்வது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைப்பக்கம் வளர்ந்தவருக்கு மொலாசஸ் மணம் பொதுச்சொல் அல்ல, காற்றடிக்கும் திசை. நொதித்தலில் எழும் பழமணம் எஸ்டர் வகைச் சேர்மங்களால் வருவது. நடுவர்கள் அதற்கு வாழைப்பழத்தை உவமிப்பார்கள், பண்ருட்டிக்காரர் பலாச்சுளையைச் சொல்வார். வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் பனங்கற்கண்டுக்கும் வேறுபாடு அறிந்தவருக்கு 'கருகிய சர்க்கரை' ஒரே சொல்லாக இருப்பது போதாது. வெப்பமண்டல பீருக்கான சுவைச்சொற்கள் வெப்பமண்டலத்தில் இருப்பவர்களிடம் கேட்டு எழுதப்பட்டிருந்தால் இந்தப் பகுதி வளமாக இருந்திருக்கும்.

2021-ல் கையேடு திருத்தப்பட்டது. அதிலும் டிராபிகல் ஸ்டவுட்டுக்கு 8.0 என்ற எல்லையும், சிறந்த உதாரணங்களில் லயன் ஸ்டவுட் என்ற பெயரும் அருகருகே அச்சாகியுள்ளன.