வள்ளி யாருக்கு முறைப்பெண்?

கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியது எங்க காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்தில் என்பார்கள். அதன் கடைசிப் படலம் வள்ளியம்மை திருமணம். குறத்தியைக் கைப்பிடித்த முருகனுக்குச் சாதி கிடையாது என்று மேடைக்கு மேடை முழங்குகிறார்கள். எம்.ஏ. வகுப்பில் எனக்கும் இதையேதான் சொன்னார்கள். படலத்தைப் படித்துப் பார்த்தால் கதையே வேறு.

நற்றிணை 82இல் வரும் வள்ளிக்குப் பூர்வீகம் எதுவும் சொல்லப்படவில்லை. முருகனோடு சேர்ந்து போகிற பெண், அவ்வளவுதான். புராணத்திலோ அவள் திருமாலின் மகள் சுந்தரவல்லி. மான் வயிற்றில் பிறந்து, வேடர் தலைவன் நம்பி வீட்டில் வளர்கிறாள். முருகன் திருமாலுக்கு மருகன். ஆக, அவன் கட்டிக்கொண்டது தாய்மாமன் மகளை! சாதி தாண்டிய காதலை முறைக்குள் இழுத்துப்போட்டு முடிச்சுப் போட்டுவிட்டார் சிவாச்சாரியார்.

1955ஆம் வருஷத்து இந்துத் திருமணச் சட்டம் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான். தாய்மாமன் - அக்கா மகள், அத்தை மகன் - மாமன் மகள் எல்லாம் தடை செய்யப்பட்ட உறவு என்கிறது பிரிவு 3. இருதரப்பு வழக்கமும் அனுமதித்தால் சரி என்று கதவைத் திறந்துவிடுகிறது பிரிவு 5. சட்டம் தடுத்ததை வழக்கம் அனுமதிக்கிறது. சாதி மாறிக் கட்டுவது செல்லும் என்று 1949லேயே சட்டம் வந்தாச்சு. அதை வழக்கம் விடுவதில்லை. ஆதிக்கசாதிப் பெண்ணை மணந்த தலித் இளைஞர் சங்கரை 2016 மார்ச் 13இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டினார்களே, எந்தப் பிரிவின்படி?

புறமணம் இருந்த சமூகத்தின் மேல் அகமணத்தை ஏற்றி வைத்ததுதான் சாதி என்று அம்பேத்கர் 1916லேயே சொல்லிவிட்டார். நம் ஆட்களும் இதைக் கூட்டத்தில் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "அக்கா மகளை மாமன் கட்டாம எவன் கட்டுவான்" என்கிறார்கள். உரிமையாம். யாருடைய உரிமை? அந்தப் பொண்ணை ஒருத்தரும் கேட்பதில்லை. சேரியில் இருந்துகொண்டு இதை எழுதாமல் விட்டால் கச்சியப்பரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

படலத்தில் ஓர் இடம் எனக்குப் பிடிக்கும். மகளைக் கொண்டுபோனவனை நம்பி ஆட்களோடு துரத்திவந்து அம்பு விடுகிறான். சேவல் கூவுகிறது, விரட்டி வந்தவர்கள் செத்து விழுகிறார்கள். அவர்களை எழுப்புவது வள்ளிதான். அப்படியே போயிருப்பாள். கச்சியப்பர் விடவில்லை. நாரதரைக் குறுக்கே கொண்டுவந்து, ஊருக்குத் திருப்பி அழைத்துப்போய், அப்பன் கையாலேயே பெண்ணைக் கொடுக்க வைக்கிறார்.