எளிய சொல், சரியான பொருள்

'நெட்வொர்க்' என்றால் வலைப்பின்னல். ஆனால், 1755ஆம் ஆண்டில் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட ஆங்கில அகராதியில் அதற்குத் தரப்பட்ட விளக்கம், அச்சொல்லைவிடக் கடினமான சொற்களால் ஆனது. ஒரு சொல்லுக்குப் பொருள் காணச் சென்றவர் மேலும் மூன்று சொற்களைத் தேட நேரும். அறிந்ததைக் கொண்டு அறியாததைச் சொல்வதுதானே விளக்கம்?

இக்குறையைப் போக்க முனைந்தவர்களுள் ஒருவர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருந்த மைக்கேல் வெஸ்ட். அவரும் ஜேம்ஸ் எண்டிகாட்டும் 1935இல் வெளியிட்ட அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களைக் கொண்டே விளக்கிற்று. 1978இல் வந்த லாங்மன் அகராதி சுமார் 2,000 சொற்களுக்குள் நின்றது. பிறமொழி மாணவர்களுக்கு இது பெருந்தொண்டு என்பதில் ஐயமில்லை.

ஆயினும், சொற்களை எண்ணிக் குறைத்துவிட்டால் மட்டும் எளிமை வந்துவிடாது. 'புட்', 'அப்', 'வித்' ஆகிய மூன்றும் உங்களுக்குத் தெரிந்த சொற்களே. அவை சேர்ந்து வரும்போது 'பொறுத்துக்கொள்' என்று பொருள்படும். தனித்தனியே கற்ற பொருள் அங்கே கைகொடுக்காது.

இன்னொரு குறை இதனினும் பெரிது. 'பேர்ட்' என்பதற்குப் 'பறக்கும் விலங்கு' என்று விளக்கம் எழுதினால் வௌவால் உள்ளே வந்துவிடும். தீக்கோழி வெளியே நின்றுவிடும். 'இறகுள்ள விலங்கு' என்று எழுதிப் பாருங்கள். இரண்டும் தத்தம் இடத்துக்குப் போய்விடும். 'ஃபிஷ்' என்பதை 'நீரில் வாழும் விலங்கு' என்றால் நண்டும் திமிங்கிலமும் மீனாகிவிடும். முதுகெலும்பு, செவுள், துடுப்பு ஆகியவற்றையும் சேர்த்துச் சொன்னால் அவை விலகும். ஆகவே, எளிமைக்கும் உண்மைக்கும் பகையில்லை. எந்தப் பண்பைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே முக்கியம். அதற்குப் பட்டியலில் இல்லாத ஒரு சொல் தேவைப்பட்டால், தயங்காமல் சேர்ப்பதே நேர்மை.

1987இல் ஜான் சின்க்ளேரின் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி, விளக்கத்தை முழு வாக்கியமாகவே தந்தது. சொல் எங்கே, எப்படி வழங்குகிறது என்பது அதனால் தெளிவாயிற்று. விளக்கம் நீண்டுவிடுவது அதன் குறை.

உங்கள் கையிலுள்ள அகராதியை நீங்களே சோதிக்கலாம். சொல்லை மறைத்து, விளக்கத்தை மட்டும் நண்பனுக்குப் படித்துக் காட்டுங்கள். அவன் அந்தச் சொல்லைச் சொல்கிறானா? வேறு எதுவும் அவ்விளக்கத்தில் அடங்காமல் இருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அது நல்ல விளக்கம். இல்லையேல், மனப்பாடம் செய்யுமுன் சற்று நின்று சிந்தியுங்கள்!