ஈரலில் இருக்கும் செப்பு எங்கிருந்து வந்தது?

1946-இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்குள் நுழைந்ததிலிருந்து மலையகத் தோட்டங்களுக்குச் செப்பு மருந்து பழகிப்போன ஒன்று. நாக சல்பேற்றும் இலைக்குத் தெளிக்கப்படுகிறது. இவ்விரு உலோகங்களையும் நனோ துணிக்கைகளாக்கினால் குறைந்த அளவே போதும் என்ற நம்பிக்கையில் பல நாடுகளில் ஆய்வுகள் நடக்கின்றன. அத்தகைய மருந்து நாளை ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ வருமானால், அது மண்புழுவிலும் மீனிலும் எலியிலும் எவ்வளவு சேர்கிறது என்ற கணக்கும் கூடவே வரும். இழையத்தை நைத்திரிக் அமிலத்தில் கரைத்து, ஐசிபி-எம்எஸ் கருவியில் உலோகத்தின் மொத்த அளவைக் காண்பதே வழக்கமான முறை. தங்கத்துக்கு இதில் குறை சொல்ல அதிகமில்லை. உடலில் இயல்பாகத் தங்கம் இல்லையென்றே சொல்லலாம். 2008-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில் எலிகளின் இரத்தத்தில் செலுத்திய 10 நனோமீற்றர் தங்கத் துணிக்கைகள் மூளைவரை சென்றதும், பெரியவை இரத்தத்திலும் ஈரலிலும் மண்ணீரலிலும் நின்றதும் இம்முறையால்தான் தெரிந்தன.

செப்பும் நாகமும் அப்படியல்ல. எந்த ஈரலிலும் அவை ஏற்கெனவே இருக்கின்றன. அமிலமோ துணிக்கையையும் அயனையும் ஒன்றாகக் கரைத்துவிடுகிறது. அமிலத்துக்குப் பதிலாகக் காரத்தாலோ நொதியத்தாலோ இழையத்தைக் கரைத்து, துணிக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணும் முறை இருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் கரைந்த அயன்களின் பின்னணி மிகுந்தால் சிறிய துணிக்கைகளின் சைகை அதில் மூழ்கிவிடும். எண்ணிக்கை கிடைத்தாலும் சந்தேகம் தீராது: 2012-இல் வெளியான வெள்ளி ஆய்வில், வெறும் வெள்ளி நைத்திரேற்று கொடுத்த எலிகளின் இழையத்திலும் துணிக்கைகள் தென்பட்டன. உடலே அவற்றை உருவாக்கியிருந்தது. இலத்திரன் நுணுக்குக்காட்டியை நம்பினாலோ, அது காண்பது இழையத்தின் மிக நுண்ணிய துண்டை மட்டுமே. மாதிரியைத் தாங்கும் வலையும் பெரும்பாலும் செப்பு என்பது வேடிக்கை.

நஞ்சு நஞ்சுதான், வடிவம் எதற்கு என்பது அடுத்த மறுப்பு. அயன் வழியே வரும் நஞ்சு என்றால் பழைய செப்பு மருந்துகளின் பாதுகாப்பு வரம்புகளே ஓரளவு போதும். துணிக்கை வழியே என்றால் புதிய வரம்பு வேண்டும். தேயிலை விரும்பும் மண்ணின் பிஎச் 4.5 முதல் 5.5 வரை. மண்புழுச் சோதனைக்கான சர்வதேச நியமச் செயற்கை மண்ணுக்கோ அது ஏறக்குறைய 6. அமிலம் கூடிய மண்ணில் நாக ஒட்சைட்டுத் துணிக்கைகள் விரைவாகக் கரையும். ஆகவே ஆய்வுகூடப் புழு துணிக்கையாகத் தின்பதைத் தோட்டத்துப் புழு அயனாகத் தின்னக்கூடும். மொத்த அளவு இரண்டிலும் ஒன்றாகவே இருந்தாலும் பொருள் வேறு.

செறிவூட்டிய சமதானியால் குறியிட்ட துணிக்கைகள் பின்னணிச் சிக்கலைத் தீர்க்கும். 2010-இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு, வெயில் பூச்சிலிருந்த நாகம்-68 மனித இரத்தத்தை எட்டியதை இப்படித்தான் காட்டியது. அது அயனா துணிக்கையா என்பதை மட்டும் அதனாலும் சொல்ல முடியவில்லை. செலவும் கனம். ஆனால் சாதாரணச் செப்பு சல்பேற்றுக் கொடுத்த ஒப்பீட்டுக் குழுவொன்றைத் தோட்டத்து மண்ணிலேயே வைத்துச் சோதிக்கப் பெரும் பணம் தேவையில்லை. அக்குழு இல்லாத அறிக்கையில் வரும் ஈரல் செப்பு எண்ணை நனோ மருந்தின் கணக்கில் எழுத ஆதாரமில்லை.