கணக்கு ஒத்துவந்தால் போதுமா?

2024-இல் நம் பத்திரிகைகள் ஒரு செய்தியைக் கொண்டாடின. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த அனிந்தா சின்ஹாவும் அர்ணாப் பிரியா சாஹாவும் ‘பை’ என்ற எண்ணுக்குப் புதிய தொடர் ஒன்று கண்டுவிட்டார்கள் என்று. கேரளத்து மாதவரின் பழைய தொடரில் பத்துத் தசம ஸ்தானம் சரியாக வர 500 கோடி உறுப்புகளைக் கூட்ட வேண்டும். இதில் சுமார் 30 போதும். செய்தி உண்மைதான். ஆனால் அவர்கள் கட்டுரையின் உயிர் அதில் இல்லை.

வானூரிலிருந்து கிழக்கே போய், கடற்கரையோடு வடக்கே திரும்பினால் மரக்காணத்து உப்பளங்கள். அளத்துக் கணக்கைப் பாத்தி பாத்தியாகக் கூட்டலாம்; நாள் நாளாகவும் கூட்டலாம். இரண்டு தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துவிட்டாலோ உப்பு இரட்டிப்பாகிவிடும். எந்தக் கட்டத்திலும் சைபருக்குக் கீழே எண் வரக்கூடாது.

அணுத்துகள்கள் மோதிச் சிதறுவதற்கும் இப்படி இரண்டு கணக்கு உண்டு. இரண்டு துகள்கள் சேர்ந்து இன்னொன்றாகிப் பிறகு பிரிவது ஒன்று; தம்முள் ஒரு துகளைப் பரிமாறிக்கொள்வது மற்றொன்று. 1968-இல் வெனிட்சியானோ எழுதிய சூத்திரத்தில் எந்த வழியாகக் கூட்டினாலும் முழு விடை வந்தது. அது அதிரும் இழைகளின் கணக்கு என்று நம்பு, நீல்சன், சஸ்கிண்ட் ஆகியோர் பின்னால்தான் கண்டார்கள். பெங்களூர்க்காரர்கள் அந்தச் சூத்திரத்தை, இரண்டு வழியும் சமமாகத் தெரியும்படி, இரட்டைக் கணக்கு நேராமல் விரித்தார்கள். விரிவில் இஷ்டம்போல் மாற்றக்கூடிய ஓர் எண் நிற்கிறது; அதை எப்படி மாற்றினாலும் விடை மாறக்கூடாது என்பதுதான் பரீட்சை. அந்த விரிவில் குறிப்பிட்ட மதிப்புகளைப் போட்டபோது உதிர்ந்தது பை. அந்த எண்ணை எல்லையின்றிப் பெருக்கினால் மாதவரின் தொடரே திரும்பி வருகிறது.

அழகான வேலை. ஆனால் ஒரு சந்தேகம் எழுகிறது. முரண்பாடில்லாமல் இருப்பது ஒன்றே உலகத்தைத் தீர்மானித்துவிடும் என்று 1960-களில் ஜெஃப்ரி சூ பெர்க்கிலியிலிருந்து சொன்னார். 1973-க்குப் பிறகு குவார்க்குகளின் கொள்கை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. வெனிட்சியானோவின் சூத்திரமும், எந்த அணுக்கருத் துகள்களுக்காக எழுதப்பட்டதோ அவற்றுக்கு முழுதும் பொருந்தவில்லை. இழைக் கொள்கைக்குச் சோதனைச் சான்று இன்றுவரை கிடைக்கவில்லை.

இது எனக்குப் பழக்கமான சங்கடம். எவ்விதப் பிசகும் இல்லாத பாத்திரங்களை நான் எழுதியிருக்கிறேன். முதல் அத்தியாயத்தில் சொன்னதைக் கடைசியில் மீறமாட்டார்கள். ஆனால் அவர்களுக்கு உயிர் இல்லை. கணக்கு ஒத்துவராத புஸ்தகத்தைப் பொய் என்று தைரியமாகத் தள்ளிவிடலாம். ஒத்துவந்ததை மெய் என்று சொல்லவோ, அளத்துக்குப் போய் உப்பை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த இருவர் இதற்குமேல் உரிமை கொண்டாடவில்லை. பொய்யைக் கழிக்கும் சல்லடையை இன்னும் கொஞ்சம் நெருக்கமாகப் பின்னினார்கள். பையைக் கொண்டாடியவர்கள் அந்தச் சல்லடையையும் ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்திருக்கலாம்.