ரெகேட்டோனும் வடசென்னைக் கானாவும்: இரங்கல், தாளம், உரிமை – ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வடசென்னையின் கானாப் பாடல்கள் குறித்த தமிழ்த் திறனாய்வு பெரும்பாலும் இழித்துரைத்தல், போற்றியுரைத்தல் என்னும் இரு எல்லைகளுக்குள் நின்றுவிடுகிறது. புவேர்ட்டோ ரிக்கோவின் குடியிருப்புகளில் வளர்ந்து உலகச் சந்தையை அடைந்த ரெகேட்டோன் இசையின் வரலாற்றோடு கானாவை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றுபடும் இடங்களையும் வேறுபடும் இடத்தையும் இக்கட்டுரை சுட்டுகிறது. ரெகேட்டோனின் அடையாளம் அதன் தாளத்தில் உள்ளது. கானாவின் அடையாளமோ அது பாடப்படும் சூழலில், சிறப்பாக இறப்புச் சடங்கில், வேர்கொண்டுள்ளது. இவ்வேறுபாட்டைக் கருதாத திறனாய்வு, திரைப்படம் எடுத்துக்கொண்டது எது, விட்டுவிட்டது எது என்பதை விளக்க இயலாது என்பதே கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கானா, மரண கானா, ரெகேட்டோன், கையறுநிலை, ஒப்பாரி, வடசென்னை, பாடல் உரிமை

முன்னுரை

எம்.கே.பி. நகர் என்பது மகாகவி பாரதியார் நகர் என்பதன் சுருக்கம். வியாசர்பாடியை ஒட்டி அமைந்த இக்குடியிருப்பு ஒரு கவிஞரின் பெயரைத் தாங்கியிருப்பதை அங்கு வாழ்வோரே நாள்தோறும் நினைப்பதில்லை. பேருந்திலும் முகவரியிலும் அது மூன்று எழுத்துகளாகவே வழங்குகிறது. ஆயினும் இந்நகரைச் சுற்றியுள்ள வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை, இராயபுரம் ஆகிய பகுதிகளின் தெருக்களில் இரவு முழுதும் பாடப்படும் பாடல்கள் கவிதை என்னும் பெயரை இன்றும் எளிதில் பெறுவதில்லை. துறைமுகம், ஆலைகள், இரயில்வே பணிமனைகள் ஆகியவற்றின் உழைப்பாளர் வாழ்ந்த பகுதி இது. 1996இல் பின்னி ஆலை மூடப்பட்ட பின்னரும் இம்மக்களின் பாட்டு மூடப்படவில்லை.

கானா பற்றிய ஆய்வுகளில் இருவகைப் போக்குகளைக் காணலாம். முதலாவது, அதனை நாட்டுப்புறப் பாடல் வகைமையின் நகர்ப்புற எச்சமாகக் கொண்டு, காதல், தத்துவம், குடிப்பழக்கம், வறுமை எனப் பாடுபொருள்களைப் பட்டியலிடுவது. இரண்டாவது, அதனை முழுமையாக எதிர்ப்பிசை என்று அறிவிப்பது. முதற்போக்கு பாடலைச் செய்தியாகச் சுருக்குகிறது. இரண்டாவது பாடலின் எல்லாக் கூறுகளையும் ஒரே நோக்கத்தில் அடக்குகிறது. பாட்டு எவ்வாறு இயங்குகிறது என்னும் வினா இரண்டிலும் எழுவதில்லை. அவ்வினாவை எழுப்புவதற்குத் தொலைவிலுள்ள ஓர் இசையின் வரலாறு துணைசெய்யும் என்பதால் ரெகேட்டோன் இங்கு ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

குடியிருப்பிலிருந்து சந்தைக்கு

பனாமாக் கால்வாய்ப் பணிக்காகக் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் ஜமைக்காவின் ரெகே இசையை எண்பதுகளில் ஸ்பானிய மொழியில் பாடத் தொடங்கினர். அது புவேர்ட்டோ ரிக்கோவை அடைந்து, தொண்ணூறுகளில் தலைநகர் சான் ஹுவானின் அரசுக் குடியிருப்புகளில் ஒலிநாடாக்கள் வழியே பரவியது. அன்று அதற்கு ரெகேட்டோன் என்ற பெயர் நிலைபெறவில்லை. தலைமறைவு இசை என்னும் பொருளிலேயே அது சுட்டப்பட்டது. 1993இல் குற்றத்தடுப்பு என்ற பெயரில் அக்குடியிருப்புகளுக்குள் அரசு தேசியப் படையை அனுப்பியது. 1995இல் காவல்துறை இசைக்கடைகளில் நுழைந்து ஒலிநாடாக்களைக் கைப்பற்றியது. 2002இல் பாடல் காணொளிகளின் ஆபாசம் குறித்து மேலவை விசாரணை நடத்தியது. இரண்டே ஆண்டுகளில், 2004இல், அதே குடியிருப்பு ஒன்றில் வளர்ந்த டாடி யாங்கியின் ‘கசோலினா’ பல நாடுகளில் ஒலித்தது. 2017இல் ‘டெஸ்பசிட்டோ’ வெளிவந்தபோது, முன்பு அருவருப்புக்குரியதாக இருந்த இசை அத்தீவின் பெருமிதமாகியிருந்தது.

வடசென்னைக் கானாவின் பாதையும் ஓரளவு இதையொத்ததே. ரௌடிகளின் பாட்டு என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்ட கானாவை, தொண்ணூறுகளில் இசையமைப்பாளர் தேவா திரைப்படத்தில் தொடர்ந்து பயன்படுத்திப் பரவலாக்கினார். 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் பாடியதும், 2012இல் ‘அட்டகத்தி’ வழியாகக் கானா பாலா அறியப்பட்டதும் அடுத்த கட்டங்கள். கானா பாலா சட்டம் பயின்றவர். மாநகராட்சித் தேர்தலிலும் நின்றவர். கானாப் பாடகர் பற்றிய பொதுப் பிம்பத்தை இவ்விரு செய்திகளே ஐயத்துக்கு உள்ளாக்கப் போதுமானவை. 2018 சனவரியில் நீலம் பண்பாட்டு மையத்தின் முயற்சியில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கீழ்ப்பாக்கத்தில் முதன்முறையாக மேடையேறியது. அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்தாக்கத்திலிருந்து பெயரைப் பெற்ற அக்குழுவில் சட்டியும் கட்ட மோளமும் பறையும் கிட்டாருக்கு இணையாக நின்றன.

ஒதுக்கல், கண்காணிப்பு, சந்தை, பெருமிதம் என்னும் வரிசை இரண்டிற்கும் பொது. இவ்வொற்றுமையோடு ஒப்பீட்டை முடித்துக்கொள்வது எளிது. ஆனால் கானாவுக்குரிய சிக்கல் அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது.

தாளமும் தருணமும்

ரெகேட்டோனின் முதுகெலும்பு ‘டெம்போ’ எனப்படும் தாளக்கட்டு. எட்டு நுண்ணடிகளை மூன்று, மூன்று, இரண்டு எனப் பகுத்து, சீரான அடிமுழக்கத்தின் மேல் அது அமைகிறது. ஜமைக்கப் பாடகர் ஷப்பா ராங்ஸின் பாடல் ஒன்றிலிருந்து அதன் பெயர் வந்தது. அத்தாளத்தை எங்கும் எடுத்துச் செல்லலாம். எம்மொழிச் சொற்களையும் அதன்மேல் ஏற்றலாம். திருமணக்கூடத்திலும் விளையாட்டரங்கிலும் அது அதுவாகவே இருக்கும்.

கானாவை இவ்வாறு ஒரு தாளத்தைக் கொண்டு வரையறுக்க முடியாது. திரைப்படத்தில் கானாவோடு சேர்த்துப் பேசப்படும் குத்து திஸ்ர நடையில் அமைவது. ஆனால் மேசையில் விரலால் தட்டி மெதுவாகப் பாடப்படும் கானாவும் கானாவே. மெட்டுகளும் பெரும்பாலும் புதியனவல்ல. முன்பே அறிந்த திரைமெட்டின் மேல் புதுச்சொற்கள் ஏறுவதைக் கேட்போர் குறையாகக் கருதுவதில்லை. எனில், கானாவைக் கானாவாக்குவது எது? யாருக்காக, எந்த இரவில், எவர் முன்னிலையில் பாடப்படுகிறது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் விடை.

இதற்குச் சிறந்த சான்று மரண கானா. கட்டுரையாளர் இப்பகுதியில் வளர்ந்த காலத்தில் கண்ட இழவு வீடுகளில் ஓர் ஒழுங்கு இருந்தது. வீட்டினுள் ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் அமர்ந்து ஒப்பாரி வைப்பர். தெருவில் பந்தலின் கீழ் ஆண்கள் நாற்காலிகளில் அமர்ந்திருக்க, இரவு ஏறியபின் டோலக்கும் சட்டியும் தொடங்கும். பாடகர் முதலில் இறந்தவரின் பெயரைச் சொல்வார். பின் தாய், தந்தை, மனைவி, பிள்ளைகள், நண்பர்கள் என உறவுகளை வரிசையாகப் பாட்டில் கோப்பார். இறந்தவர் செய்த வேலை, நின்ற தெருமுனை, ஆடிய ஆட்டம் ஆகியவை இடம்பெறும். பெயர் ஒன்று விடுபட்டால் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து சென்று பாடகரின் காதில் சொல்வார். அடுத்த அடியில் அப்பெயர் வந்தாக வேண்டும். பாடகரின் திறம் குரலில் மட்டுமன்றி இந்த உடனடிக் கோப்பிலும் மதிப்பிடப்படுகிறது.

தமிழ் இலக்கியம் பயின்றோர்க்கு இது புதிதன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையில் கையறுநிலையைக் கூறும். புறநானூற்றில் பொதுவியல் திணையின் கீழ் அத்துறைப் பாடல்கள் பல உள்ளன. இறந்தோரின் இயல்பையும் அவரை இழந்தோரின் நிலையையும் ஒருங்கே சொல்வது இரண்டிற்கும் பொதுக்கூறு. வேறுபாடும் முதன்மையானது. புறப்பாடல் பெரிதும் மன்னனுக்கும் வள்ளலுக்கும் இரங்கியது. மரண கானா ஆட்டோ ஓட்டுநருக்கும் சுமை தூக்குவோருக்கும் இரங்குகிறது. கொடை பெற்ற புலவனின் இழப்பை முன்னது பாடியது. பின்னது ஒரு தெருவின் இழப்பைப் பாடுகிறது. கானாவைச் சித்தர் மரபோடும், இராயபுரத்தில் அடங்கியுள்ள குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களோடும் தொடர்புபடுத்தும் கருத்துகள் உண்டு. நிலையாமைப் பொருளைப் பொறுத்தவரை அத்தொடர்பு ஏற்கத்தக்கதே. ஆனால் நிலையாமை எல்லார்க்கும் பொதுவான உண்மை. மரண கானாவோ ஒருவரின் இறப்பை அவர் பெயரோடு பாடுவது. அவ்வகையில் அது கையறுநிலைக்கே நெருங்கியது.

திரைப்படம் எடுத்ததும் விட்டதும்

இந்நோக்கில் பார்த்தால், கானா திரைப்படத்திற்குச் சென்றபோது நேர்ந்த மாற்றம் தெளிவாகும். மெட்டும் பேச்சுவழக்கும் எதுகையின் துள்ளலும் சென்றன, பெயர் செல்லவில்லை. திரைக்கானாவில் விளிக்கப்படுபவர் பெரும்பாலும் பொதுவான ‘மச்சான்’ அல்லது பொதுவான ‘பொண்ணு’. விளிக்கப்படுபவர் பொதுவானவரானபோது பாடலின் பொறுப்பும் தளர்ந்தது. தன் முன்னே அமர்ந்திருக்கும் தாயை வைத்துக்கொண்டு பாடுபவர் எதையும் சொல்லிவிட முடியாது. முகமறியாத பார்வையாளர்க்குப் பாடுபவருக்கு அக்கட்டுப்பாடு இல்லை.

பெண்களை இழிவுபடுத்தும் கானாப் பாடல்கள் பற்றிய குற்றச்சாட்டையும் இங்குதான் வைத்துப் பார்க்க வேண்டும். அக்குற்றச்சாட்டு பொய்யன்று. 2021இன் இறுதியில் சிறுமியைப் பாலியல் பொருளாக்கிப் பாடிய பாடகர் ஒருவர் காவல்துறையால் கைது செய்யப்பட்டார். அத்தகைய பாடலை அடித்தள மக்களின் குரல் என்று காத்துநிற்பது அம்மக்களுள் பாதியினரான பெண்களை மறப்பதாகும். அதேவேளையில், இத்தகைய பாடல்களைக் கொண்டு வகைமை முழுவதையும் தள்ளுவோர், திரைப்படப் பாடல்களில் நெடுங்காலமாக வரும் அதே இழிவைப் பொறுத்துக்கொள்கின்றனர். மதிப்பீட்டு அளவுகோல் பாடலுக்குப் பாடல் ஒன்றாக இருக்க வேண்டுமே தவிரத் தெருவுக்குத் தெரு மாறக்கூடாது.

ரெகேட்டோனிலும் இவ்விவாதம் நடந்தது. விடையை வெளியிலிருந்து வந்த தடைகளைவிட உள்ளிருந்து பாடிய பெண்களே வலுவாகத் தந்தனர். 2003இல் வெளிவந்த ‘கியேரோ பைலார்’ பாடலில் ஐவி குயீன், ஆடவரோடு ஆட விரும்புவது வேறெதற்கும் இசைவாகாது என்று அறிவித்தார். வடசென்னையில் இசைவாணியின் வருகை அத்தகைய ஒன்று. கானாவைத் தொழிலாகப் பாடும் மிகச் சில பெண்களுள் ஒருவரான அவர், 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். மேலே சுட்டிய இழவு வீட்டின் இடப்பகுப்பை நினைவிற்கொண்டால் இதன் பொருள் விரியும். வீட்டினுள் ஒப்பாரி பெண்ணுக்கு, தெருப்பந்தலின் கானா ஆணுக்கு என்றிருந்த பிரிவினையை அவர் கடந்தார். அவரை ‘முதல் பெண்’ என்று கொண்டாடுவதோடு நிற்கும் எழுத்துகள், அவர் குரல் ஒப்பாரியிலிருந்து எதைக் கொண்டுவருகிறது என்பதையும் ஆராய வேண்டும்.

உரிமை யாருக்கு?

டெம்போ தாளத்தின் மூலம் 1989இல் ஜமைக்காவின் ஸ்டீலி, கிளீவி இணையர் உருவாக்கிய ஓர் இசைத்தடம் எனக் கூறி, 2021இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வழக்குத் தொடரப்பட்டது. அதில் பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் சேர்க்கப்பட்டனர். தெருவில் பிறந்த தாளம் பெருஞ்செல்வமான பின்னரே அதன் தந்தை யார் என்னும் கேள்வி நீதிமன்றம் ஏறியது.

தமிழ்ச்சூழலில் இக்கேள்வியை ‘எஞ்சாயி எஞ்சாமி’ எழுப்பியது. 2021 மார்ச்சில் வெளிவந்த அப்பாடல் கானா அன்று. ஒப்பாரியின் சாயலும் நிலமற்ற உழைப்பாளரின் நினைவும் கொண்டது. அதே ஆண்டு ஆங்கில இசை இதழொன்றின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறாததும், 2022 சூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அவரின்றி அப்பாடல் நிகழ்த்தப்பட்டதும் பெரும் விவாதமாயின. 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், அப்பாடலிலிருந்து தமக்கும் வருவாய் வந்து சேரவில்லை என்று கூறினார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பது இங்கு நோக்கமன்று. பெயர் அறியப்பட்ட கலைஞர்களுக்கே இந்நிலை எனில், பெயர் பதிவாகாத பந்தல் பாடகரின் நிலை என்ன என்பதே கேள்வி. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிமத்தொகையை உறுதிசெய்கிறது. ஆனால் அதற்கு ஆசிரியர் யார் என்று நிறுவப்பட்டாக வேண்டும். ஓரிரவில் கோக்கப்பட்டு விடியலில் கலைந்துபோகும் பாடலுக்கு அத்தகைய சான்று இல்லை.

மற்றொரு நெருக்கடியும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்துகின்றன. நோயாளர்க்கும் தேர்வெழுதும் மாணவர்க்கும் அவ்விதி தேவையானதே. எனினும் மரண கானாவின் நேரமும் அதுவே. மேடையில் அரசு வரவேற்கும் கலை, அது பிறந்த இடத்தில் இடையூறாகப் பதிவாவதை ஆய்வு கவனிக்காமல் இருக்கலாகாது.

முடிவுரை

கானாவில் காதல் கானா, சிறைக் கானா எனப் பிற வகைகளும் உண்டு. ஆகவே மரண கானா மட்டுமே உண்மையான கானா என்பது இக்கட்டுரையின் முடிபன்று. அவ்வாறு கூறின், தெருக்கலைஞரைப் பந்தலுக்குள்ளேயே நிறுத்திவைக்கும் தூய்மைவாதமாக அது முடியும். பாடகர்கள் திரைக்கும் மேடைக்கும் செல்வது அவர்களின் உரிமை; அங்கு கிடைக்கும் ஊதியம் பந்தலில் கிடைக்காதது.

கானாவை மதிப்பிடும்போது பாடுபொருளோடு மூன்று வினாக்களையும் எழுப்ப வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது: பாடல் யாரை விளிக்கிறது? விளிக்கப்பட்டவர் எதிரில் இருந்தால் அதைப் பாட முடியுமா? பாடலின் பயன் யாரைச் சென்றடைகிறது? ரெகேட்டோனின் வரலாறு மூன்றாம் வினாவின் அவசரத்தை உணர்த்துகிறது. முதலிரண்டு வினாக்களைக் கேட்பதற்கு வேண்டிய கருவிகள் நம் புறத்திணை மரபிலேயே உள்ளன. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் கையறுநிலையைக் கற்பிக்கும் வகுப்பில் வியாசர்பாடியின் இழவுப்பந்தலையும் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் காலத்தில், இப்பாடல்களைத் தொகுக்கும் பணியும் தொடங்கும். அப்பணி தாழ்த்தப்படும் ஒவ்வோர் ஆண்டும், பந்தல்களில் பாடி மூத்தவர்களின் நினைவிலுள்ள பெயர்கள் குறைந்துகொண்டே போகும்.